வத்தகைப் பிஞ்சு நின்ற விதம்

திருகோணமலைப் பக்கம் நிலாவெளி ஊர் மணலில் போட்ட வத்தகை (தர்ப்பூசணி)க் கொடியில் பூ நிறைய. பிஞ்சோ நெல்லிக்காயளவிலேயே மஞ்சளாகிக் கருகி விழுந்தது. உரம் போதாது என்றார்கள். கொடி நல்ல பச்சை, எனக்கு நம்பிக்கை வரவில்லை. மகரந்தம் கொண்டுவரும் தேனீயைத்தான் காணோம். பெண்பூவின் அடியில் குட்டிக்காய் போல ஒரு வீக்கம் இருக்கும், பூ ஒரு நாள்தான் விரியும். வெயில் ஏறுமுன் ஆண்பூவைப் பறித்து, இதழை உரித்து, மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவிலுள்ள சூல்முடியின் மூன்று மடலிலும் தடவினேன். ஒரு பக்கம் குறைந்தால் காய் கோணும். அதன்பிறகு பிஞ்சு நின்றது.

வாசலில் நிற்கிற வத்தகைப் பெப்பரோமியா என்ற அழகுச்செடி வேறு இனம், மிளகுக் குடும்பம். இலைதான் வத்தகைத் தோல் மாதிரி, காம்பு சிவப்பு. பழத்தை எதிர்பார்க்காதீர்கள்! மழையில் அடி அழுகியதும் இலையைக் குறுக்கே வெட்டி ஈரமணலில் செருகினேன். வெட்டிய விளிம்பில் குட்டிகள் முளைத்தன.