பழைய காருக்கு ரிவர்ஸ் கேமரா, நாமளே மாட்டலாம்

2019 ஜூலைலேருந்துதான் இந்தியால புது காருக்கு ரிவர்ஸ் சென்சார் கட்டாயம் ஆச்சு, அதனால அதுக்கு முன்னாடி வாங்குன வண்டில நிறைய பேருக்கு சென்சாரே இருக்காது, கேமராவ கேக்கவே வேணாம். இங்க சொல்றது பின்கதவு மேல தூக்குற வேகன் ஆர் மாதிரி ஹேட்ச்பேக்குக்கு, கேமரா இன்புட் உள்ள டச் ஸ்க்ரீன் ஸ்டீரியோ ஏற்கனவே இருக்கணும். இல்லேன்னா உள்ள பின்னாடி பாக்குற கண்ணாடி மேல மாட்டுற மிரர் மானிட்டர் வாங்கிக்கோங்க, வேலை கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

ஸ்டெப் 1: ஐபி67 அல்லது ஐபி68னு போட்ட வாட்டர்ப்ரூஃப் கேமரா வாங்குங்க, கூட ஆறு மீட்டர் வீடியோ கேபிள் வரும். வோல்ட் அளக்குற மல்டிமீட்டர் ஒண்ணு கடனாவது வாங்கி வச்சுக்கோங்க.

ஸ்டெப் 2: எதையும் கழட்டாம மொதல்ல டெஸ்ட். இன்ஜின் ஆஃப்ல, ஹேண்ட்பிரேக் போட்டு, சாவிய ஆன்ல வச்சு ரிவர்ஸ் கியர் போடுங்க. பின்னாடி ரிவர்ஸ் லைட் ஹோல்டர்ல எந்த ஒயர்ல 12 வோல்ட் வருதுன்னு மீட்டர்ல பாருங்க, கியர எடுத்தா அது போயிடணும். கேமராவோட சிவப்பு அதுக்கு, கறுப்பு பாடி எர்த்துக்கு, அதாவது வண்டியோட இரும்பு பாடிக்கு. கேபிள சீட்டு மேலயே போட்டு, ஸ்டெப் 4ல சொல்றபடி பேட்டரி நெகட்டிவ கழட்டிட்டு ஸ்டீரியோவுல சொருகி, மெல்லிசு சிவப்பு ஒயரையும் தற்காலிகமா கொடுத்து, பேட்டரிய திரும்ப மாட்டி படம் வருதான்னு பாத்துடுங்க, எல்லாம் மாட்டுனப்புறம் கேமரா டெட்னு தெரிஞ்சா அழுகைதான் வரும்.

ஸ்டெப் 3: கேபிள் இழுக்குறது. பாதி நேரம் இதுலதான் போகும். பின்கதவுக்கும் பாடிக்கும் நடுவுல ஒரு ரப்பர் குழாய் இருக்கும், வண்டியோட ஒயரெல்லாம் அது வழியாத்தான் போகுது, நம்ம கேபிளும் அதுக்குள்ளதான் போகணும், வெளில தொங்க விட்டா கதவு மூடுறப்ப நசுங்கி ஒருநாள் அறுந்துடும். ரெண்டு முனையும் கழட்டி, கட்டுக்கம்பிய விட்டு, அதோட நுனில கேபிள டேப் போட்டு ஒட்டி, சோப்பு தண்ணி தடவி மெதுவா இழுங்க. அப்புறம் கதவோரம் இருக்குற பிளாஸ்டிக் பட்டைய தூக்கி கார்ப்பெட் அடியில விட்டு முன்னாடி கொண்டு வாங்க, வழில மஞ்சள் கனெக்டர் இருந்தா தொடாதீங்க, அது ஏர்பேக்.

ஸ்டெப் 4: ஸ்டீரியோ பின்னாடி கை விடுறதுக்கு முன்னாடி பேட்டரி நெகட்டிவ கழட்டிடுங்க. இப்ப புதுசா பண்றவங்க விட்டுடுற விஷயம்: வீடியோ கேபிளோட சேந்து ஒரு மெல்லிசு சிவப்பு ஒயர் வரும்ல, அது சும்மா இல்ல. பின் முனைய ரிவர்ஸ் லைட் பாசிட்டிவ்ல கொடுங்க, முன் முனைய ஸ்டீரியோவுல ‘பேக்’ அல்லது ‘ரிவர்ஸ்’னு எழுதுன ஒயர்ல கொடுங்க. கியர் போட்டதும் அந்த 12 வோல்ட் இது வழியா வந்துதான் ஸ்க்ரீன கேமராவுக்கு மாத்துது, இது இல்லேன்னா பாட்டு ஓடிட்டே இருக்கும் படம் வராது.

ஸ்டெப் 5: கேமராவ நம்பர் பிளேட் மேல நடுவுல மாட்டுங்க. ஓட்டை போட்டா ஓரத்துல கொஞ்சம் பெயிண்ட் தடவிடுங்க, இல்லேன்னா துரு பிடிக்கும்.

படத்துல வர்ற பச்சை மஞ்சள் சிவப்பு கோட்ட அப்படியே நம்பாதீங்க, கம்பெனிக்காரன் உங்க வண்டிய அளந்து போடல. சுவர்லேருந்து ஒரு அடி தள்ளி வண்டிய நிறுத்திட்டு, சுவரோட அடி எந்த கோட்டுல வருதுன்னு பாத்து வச்சுக்கோங்க. இடம் வலம் மாறி தெரிஞ்சா கேமரா ஒயர்ல சின்னதா ஒரு லூப் இருக்கும், எத வெட்டணும்னு பெட்டில உள்ள பேப்பர்ல பாத்துட்டு வெட்டுங்க. படம் ஆடுனா எர்த் சரியா பிடிக்கலன்னு மொதல்ல சந்தேகப்படுங்க, பெயிண்ட சுரண்டி வெறும் இரும்புல முடுக்கிப் பாருங்க.