பேஸ் இல்லையென்று ஹெட்செட்டை மாற்றாதீர்கள்

கிளிநொச்சியில் போன் திருத்துகிற கடையொன்றில் பன்னிரண்டு வருசமாக வேலை செய்கிறேன். உடைந்த டிஸ்பிளே, வீங்கிய பற்றரி எல்லாம் அன்றாட வேலை. கையிலிருக்கிற வேலையை வைத்துவிட்டு எழும்பி நின்று நான் கதைப்பது ஹெட்செட்டைப் பற்றி யாராவது கேட்டால்தான்.

போன கிழமை புதுக்குடியிருப்புப் பக்கத்துப் பெடியன் ஒருவன் சொப்பிங் பையில் காதுத் துவாரத்துக்குள் செருகுகிற இன்-இயர் ஹெட்செட்டுகள் மூன்றைக் கொண்டுவந்து கண்ணாடி மேசையில் வைத்தான்.

"அண்ணா, மூண்டிலயும் பேஸ் இல்ல. அம்ப் ஒண்டு போட்டாச் சரிவருமோ?"

பேஸ் என்றால் பாட்டின் அடியில் உருள்கிற தாழ்ந்த சத்தம். அம்ப் என்றால் சத்தத்துக்கு வலுக் கூட்டுகிற சின்னப் பெட்டி. மூன்றும் அந்த விலைக்கு நல்ல சாமான்கள். மூன்றிலும், காதுக்குள் போகிற நுனியில், பெட்டியில் மாட்டி வந்த நடு அளவு றப்பர் அப்படியே இருந்தது. மற்ற அளவுகள் எங்கே என்று கேட்டேன். பெட்டியோடு எறிந்துவிட்டானாம். 2017இலும் 2018இலும் நான் செய்ததை அவன் அச்சொட்டாகத் திருப்பிச் செய்திருக்கிறான். அதனால்தான் ஹெட்செட்டில் சனம் விடுகிற பிழைகளை ஒவ்வொன்றாக எழுத உட்கார்ந்தேன். வயரை இறுக்கிச் சுற்றாதே, இடது வலதைப் பார்த்துப் போடு என்பவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை எல்லாருக்கும் தெரியும்.

றப்பரைப் பார்க்காமல் காசைக் கொட்டுவது

முதலில் என் கதை. அப்போது வாங்கிய முதல் இன்-இயரில் பாட்டு வறண்டு கேட்டது. குரல் இருக்கும், தாளம் இருக்கும், அடியில் ஒன்றும் இருக்காது. தாழ்ந்த சத்தத்தையும் கூரான சத்தத்தையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கிற ஈக்குவலைசரில் பேஸை உச்சிக்கு ஏற்றினேன். சத்தம் கரகரத்தது. ஹெட்செட் சரியில்லையென்று இரண்டாவது வாங்கினேன், பிறகு மூன்றாவது. கேபிள் மாற்றினேன். கடைசியில் ஒரு சின்ன அம்ப் வாங்கிப் போனோடு றப்பர் பாண்ட் போட்டுக் கட்டிக்கொண்டு திரிந்தேன். எல்லாம் கூட்டினால் அன்றைக்கு என் ஒரு மாதச் சம்பளத்துக்குக் கிட்ட வந்தது. எனக்கு விற்றவர்களில் ஒருவர்கூட "எந்த அளவு றப்பர் போடுகிறீர்?" என்று கேட்கவில்லை.

ஒருநாள் வவுனியாவிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். முறிகண்டிக்குக் கிட்ட நித்திரை தூங்கி, யன்னல் பக்கம் தலை சாய்ந்து, இடது காது என் கையில் அமுங்கியது. அந்தக் கணத்தில் இடது பக்கத்தால் பேஸ் வந்தது. திடுக்கிட்டு நிமிர்ந்தேன், போய்விட்டது. விரலால் ஹெட்செட்டை மெல்ல உள்ளே அழுத்தினேன், வந்தது. விட்டேன், போனது. பிள்ளையார் கோயிலடியில் பஸ் நின்று சனம் இறங்கிக் கச்சான் வாங்கி ஏறும் வரைக்கும் அழுத்துவதும் விடுவதுமாக இருந்தேன். இரண்டு வருசமாக நான் தேடிய பேஸ் முதல் ஹெட்செட்டிலேயே இருந்திருக்கிறது. என் இடது காதுத் துவாரம் வலதை விடக் கொஞ்சம் பெரிது. நடு அளவு றப்பர் அதை அடைக்கவில்லை.

சைக்கிளுக்குக் காற்று அடித்தவர்களுக்கு இதன் காரணம் உடனே விளங்கும். பம்பின் வாய் வால்வில் இறுக்கமாக இல்லாவிட்டால், மெதுவாக அடிக்கிற காற்று முழுக்க இடுக்கால் போய்விடும். வேகமாகக் குத்தினால் கொஞ்சமாவது உள்ளே போகும். இன்-இயருக்குள் இருக்கிற டிரைவர் பத்து மில்லிமீற்றர் அளவான சின்னத் தட்டு. காதுக்குள் அடைபட்ட துளிக் காற்றைத் தள்ளி இழுத்துத்தான் அது சத்தம் உண்டாக்குகிறது. பேஸ் என்பது ஒரு செக்கனுக்கு 50, 60 தடவை நடக்கிற மெதுவான தள்ளல். றப்பரின் ஓரத்தில் இடுக்கு இருந்தால் அந்தத் தள்ளல் வெளியே கசிந்துவிடும். செக்கனுக்கு 5,000 தடவை அதிர்கிற கூரான சத்தத்துக்கு அந்த இடுக்கு பெரிய விசயமில்லை. ஆகவே உங்களுக்குக் கூர் மட்டும் கேட்கும். பிறகு, ஹெட்செட் தகரம் மாதிரி இருக்கிறது என்று சொல்வீர்கள்.

இதை ஈக்குவலைசரால் சரிக்கட்டப் போனால் இன்னும் மோசம். சத்தத்தை அளக்கிற அலகு டெசிபெல். பேஸை 10 டெசிபெல் கூட்டுவதென்றால் அந்த இடத்தில் பத்து மடங்கு வலு கேட்கிறோம். போனுக்குள்ளேயே சத்தம் உச்சியில் மோதி வெட்டுப்படும். டிரைவரும் திணறும். இடுக்கு இடுக்காகவே இருக்கும்.

கடையில் நான் சோதிக்கிற முறை இதுதான். போனில் ஒரு நாதஸ்வர தவில் ஒலிப்பதிவு வைத்திருக்கிறேன். தவிலின் ஒரு பக்கமான வலந்தலையில் விரல் கூடுகள் விழுகிற சத்தம் கூராக வரும். மற்றப் பக்கமான தொப்பியில் கழி விழுகிற சத்தம் அடியில் உருள வேண்டும். றப்பர் அடைக்காவிட்டால் வலந்தலை மட்டும் டக் டக்கென்று கேட்கும், தொப்பி செத்துப் போயிருக்கும். திருவிழாவில் மேளத்துக்கு முன்னால் நின்று வளர்ந்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

பெடியனின் இடது காதுக்குப் பெரிய அளவு றப்பரை மாட்டிக் கொடுத்தேன். "மற்றக் கையால காதின்ர மேல் நுனியப் பிடிச்சு மேலயும் பின்னாலயும் இழு. இழுத்துக்கொண்டே மெல்லத் திருகி வை. இப்ப காதை விடு." தவிலைப் போட்டேன். அவன் தலையாட்டம் அப்படியே நின்றது.

"அண்ணா, இது நான் கொண்டந்த அதே செட்டோ?"

வீட்டில் செய்ய இன்னுமொரு வழி இருக்கிறது. பாட்டுப் போடாமல் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு உங்கள் பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள். கிணற்றுக்குள் கதைப்பது மாதிரி இரண்டு காதிலும் ஒரே அளவில் முழங்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் முழங்கினால் மற்றப் பக்கத்து றப்பர் பிழை. இரண்டு காதுக்கும் இரண்டு அளவு போடுவதில் வெட்கமில்லை, நான் இன்றைக்கும் அப்படித்தான் போடுகிறேன். வாயை அசைத்தால் காதுத் துவாரத்தின் வடிவமும் மாறும். எதையாவது மென்றுகொண்டும் ஒருக்காப் பாருங்கள். சிலிக்கன் றப்பர் எந்த அளவிலும் நிற்காதவர்களுக்கு ஃபோம் றப்பர் இருக்கிறது. விரலால் உருட்டிச் சுருக்கி வைத்தால் உள்ளே போய் விரிந்து அடைக்கும். நொந்தால் மட்டும் அளவு பெரிதென்று அர்த்தம், இறங்குங்கள். காதுக்கு மேலால் சுற்றிப் போட வேண்டிய கேபிளை நேரே தொங்கவிட்டால் அதன் பாரமே றப்பரை இழுத்து இடுக்கை உண்டாக்கும்.

மற்ற அளவு றப்பர்கள் இருக்கிற, பெட்டியிலுள்ள சின்னப் பொலித்தீன் பையை எறியாதீர்கள். உங்கள் காசில் பாதி அதற்குள்தான் இருக்கிறது.

அம்ப் தேவையென்று நினைப்பது

பெரும்பாலான மலிவு இன்-இயர்களின் மின் தடை 16, 32 ஓம் அளவில்தான், அவற்றை ஓட்டப் பெரிய வலு தேவையில்லை. போனே போதும்.

பாடகர் காணாமல் போனால் ஹெட்செட்டைக் குறை சொல்வது

இது மாதத்துக்கு இரண்டு தடவையாவது வரும். "இசை கேக்குது, பாடுறவையின்ர குரல் தூரத்தில கேக்குது." ஹெட்செட்டில் ஒரு பிழையும் இருக்காது. போனில் செருகுகிற ஜக்கில், இரண்டு பக்கத்துக்கும் பொதுவான கிரவுண்ட் தொடுப்புத் தொடாமல் இருக்கும். அப்போது இடதுக்கும் வலதுக்கும் பொதுவானது கழிபட்டு, வித்தியாசம் மட்டுமே கேட்கும். குரலை நடுவில், அதாவது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, பதிவதால் முதலில் மறைவது குரல்தான்.

முதலில் போன் கவரைக் கழற்றுங்கள். தடித்த கவர் ஜக்கை முழுதாகப் போகவிடாது. அதற்கும் சரிவராவிட்டால் துவாரத்துக்குள் பாருங்கள். சோளகக் காற்றில் பறக்கிற செம்மண் புழுதியும் காற்சட்டைப் பை நூலும் சேர்ந்து அடியில் கட்டிபட்டிருக்கும். போனை நிற்பாட்டிவிட்டு ஒரு ஈர்க்கால் மெல்லக் கிளறி எடுங்கள். ஊசி போடவேண்டாம், உள்ளே இருக்கிற தகடு வளைந்துவிடும். மைக் வைத்த பழைய ஹெட்செட்டுகள் சிலவற்றில் கிரவுண்டும் மைக்கும் இடம் மாறியிருக்கும். அவற்றைப் புதுப் போனில் போட்டாலும் இதே குறைதான்.

கேபிள் கழற்றிப் பூட்டுகிற இரண்டு பின் வகை என்றால், ஒரு பக்கத்துப் பின்னை மறுதலையாகக் குத்தியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். ஒரு பக்கம் தள்ளும்போது மற்றப் பக்கம் இழுக்கும். பேஸும் மெலியும், குரலும் நடுவில் நிற்காது.

ரைப்-சி மாற்றியை விலையை மட்டும் பார்த்து வாங்குவது

ஜக் துவாரம் இல்லாத போனில் ஹெட்செட்டைப் பூட்டத்தான் இந்த மாற்றி. சிலவற்றுக்குள் வெறும் வயர்தான். போனிலிருந்து எண்களாக வருகிற பாட்டைச் சத்தமாக மாற்றுகிற சில்லு, அதாவது டக், உள்ளே இருக்காது. ரைப்-சி துவாரத்தால் நேரே சத்தம் அனுப்பத் தெரிந்த போன்களில் மட்டும் அது வேலைசெய்யும். டக் உள்ளது என்று கேட்டு வாங்குங்கள். அப்பிளின் மாற்றி நல்லதுதான், ஆனால் பல அன்ட்ரொயிட் போன்களில் அதன் சத்தம் தாழ்வாகவே வரும்.

கெட்ட ஒலிப்பதிவில் ஹெட்செட்டைச் சோதிப்பது

கோயில் திருவிழா வீடியோ வட்ஸ்அப்பில் நாலு கை மாறி வந்திருக்கும். வட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கும், சத்தமும் சேர்ந்து சுருங்கும். அதிலிருந்து பாட்டைப் பிரித்தெடுத்து, ஹெட்செட் சரியில்லை என்கிறார்கள். எடுத்தவரிடம் டொக்கியூமன்ராக அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், மூலக் கோப்பு அப்படியே வரும். 128 கேபிபிஎஸ் அளவுக்குச் சுருக்கிய எம்பி3 பாட்டை 320 ஆக மாற்றினால் கோப்பு மட்டும்தான் பெருக்கும். போன சத்தம் திரும்பாது.

பழைய ஒலிப்பதிவுகளின் விசயம் வேறு. இடம்பெயர்ந்த காலத்தில் கரண்ட் இல்லாமல், கவிழ்த்து வைத்த சைக்கிளின் பெடலைச் சுற்றி டைனமோவில் றேடியோ கேட்ட வீடு எங்களுடையது. சுற்றுகிற கை களைத்தால் சத்தமும் களைக்கும். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலை அப்பா இன்றைக்கும் என் போனில்தான் கேட்பார். அந்தக் காலத்து ஒலிப்பதிவில் ரேப்பின் இரைச்சல் இருக்கும், இடது வலது பிரிவும் இருக்காது. அதை ஈக்குவலைசரால் தோண்டினால் இரைச்சல்தான் கூடும். அப்படியே விட்டுக் கேளுங்கள்.

ஈக்குவலைசரைக் கூட்ட மட்டும் பாவிப்பது

உறுத்துகிற இடத்தைக் குறையுங்கள். ஏதாவது கூட்டினால், ஈக்குவலைசரில் மொத்தச் சத்தத்தை மாற்றுகிற பிரி-அம்பை அதே அளவுக்குக் குறையுங்கள்.

நூறு மணித்தியாலம் ஓடவிடுவது

புது ஹெட்செட்டை நூறு மணித்தியாலம் பாடவிட்டால்தான் சத்தம் திருந்தும் என்பார்கள். காத்திருக்க வேண்டாம். பழகுவது உங்கள் காது.

புளூரூத்தில் மைக்கோடு பாட்டுக் கேட்பது

கேமில் மைக் திறந்தவுடன் பல செட்டுகள் போன் கோல் கதைக்கிற முறைக்கு மாறும், பாட்டும் ரெலிபோன் சத்தமாகிவிடும். மைக்கை மூடுங்கள்.

பஸ் இரைச்சலை வொலியூமால் வெல்லப் பார்ப்பது

இதையும் றப்பரில்தான் சரிசெய்ய வேண்டும். நன்றாக அடைத்தால் எஞ்சின் இரைச்சல் பாதி வெளியே நின்றுவிடும், வொலியூமைக் குறைத்தாலும் பாட்டுத் தெளிவாகக் கேட்கும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது, 80 டெசிபெல் சத்தத்தில் கிழமைக்கு 40 மணித்தியாலம் வரைக்கும் கேட்கலாம் என்று. 3 டெசிபெல் கூடக் கூட நேரம் பாதியாகும். 90 டெசிபெல் என்றால் கிழமைக்கு 4 மணித்தியாலம்தான். ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறவர் அதை இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுவார்.

ஒரு பக்கம் மெலிந்தவுடன் எறிவது

றப்பரைக் கழற்றி, மூக்கு நுனியிலிருக்கிற வலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பத்தில் ஏழெட்டுத் தடவை காதுக் குறும்பி அடைத்திருக்கும். வலை நிலத்தைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, காய்ந்த மென்மையான பிரஸ்ஸால் கீழிருந்து தட்டிவிடுங்கள். மேலிருந்து கிளறினால் அழுக்கு உள்ளே விழும். ஸ்பிரிட் ஊற்றவேண்டாம். ஹெட்செட்டின் உடம்பில் இருக்கிற ஊசித் துவாரம் காற்றுப் போக வைத்தது, அதற்கு மேல் ரேப் ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள். றப்பரை மட்டும் கழற்றிச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு திரும்ப மாட்டுங்கள்.