சாக்குப் பையில் வந்த கீழாநெல்லி

ஒவ்வொரு டிசம்பரிலும் முதுகலை ப்ராஜெக்ட் செய்ய எங்கள் ஆய்வகத்துக்குப் பிள்ளைகள் வருவார்கள். மன்னார்குடி, பாபநாசம், திருவாரூர் பக்கம். தலைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்: ஏதாவது ஒரு மூலிகை, அதன் ஆன்டிஆக்சிடன்ட் திறன், அதாவது ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் திறன். நான் படித்த காலத்தில் சொதப்பிய இடத்திலேயே அவர்களும் சொதப்புகிறார்கள். பிப்பெட் பிடிப்பது, எடை பார்ப்பது எல்லாம் வழிகாட்டி சொல்லித் தருவார். அதை விட்டுவிடுகிறேன்.

கடையில் பெயர் சொல்லி வாங்குவது

போன வாரம் ஒரு மாணவி சாக்குப் பையோடு வந்து நின்றாள்.

"கீழாநெல்லிதானாம்மா?"

"ஆமா சார், கடைக்காரரே சொன்னாரு."

நானும் அன்று இதையேதான் சொன்னேன். நாட்டு மருந்துக் கடையில் இரண்டு கிலோ, வேரோடு காய்ந்த கட்டுகளாக வாங்கினேன். பொடித்து, மெத்தனாலில் ஊறவைத்து, வடிகட்டி, அந்தத் திறனைச் சோதிக்கும் டிபிபிஹெச் என்ற ஊதாக் கரைசலில் விட்டேன். ஊதா நிறம் மஞ்சளானது. வரைபடம் அழகாக வந்தது. ஆறு மாத உழைப்பு.

வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர், "மாதிரிச் செடி எங்கே?" என்றார். மிச்சமிருந்த கட்டைக் காட்டினேன். லென்ஸை வைத்துப் பார்த்து இரண்டு குவியலாகப் பிரித்தார். ஒன்றில் காய் வழவழப்பாக, சின்னக் காம்பில் தொங்கியது: ஃபில்லாந்தஸ் அமாரஸ். இன்னொன்றில் தண்டு சிவந்திருந்தது. காய் காம்பே இல்லாத மாதிரி ஒட்டி, மேலெல்லாம் சொரசொரப்பு: ஃபில்லாந்தஸ் யூரினேரியா. இலைக்குக் கீழே நெல்லி மாதிரிக் காய்த்தால் ஊரில் அது கீழாநெல்லி. வரப்பில் பிடுங்கி மோரில் அரைத்துக் கொடுத்த பாட்டிக்கு அந்தப் பெயர் போதும். ஆய்வேட்டுக்குப் போதாது.

எனக்கு இன்றுவரை எரிச்சல் தருவது வேறு. சோதனை என்னை எச்சரிக்கவே இல்லை. எலக்ட்ரானோ ஹைட்ரஜனோ கொடுக்கிற எதைக் கண்டாலும் டிபிபிஹெச் மஞ்சளாகிவிடும். ஃபில்லாந்தஸ் செடிகளில் அப்படிக் கொடுக்கிற டானின் வகைகள் நிறைய இருப்பதால், எதைப் போட்டாலும் முடிவு நன்றாகவே வரும். நான் பாட்டுக்கு ஃபில்லாந்தினைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அது அமாரஸுக்குப் பெயர் வாங்கித் தந்த, லிக்னன் வகையைச் சேர்ந்த வேதிப்பொருள். எல்லா இனத்திலும் ஒரே அளவில் இருக்காது. என் பொடியில் எவ்வளவு இருந்ததோ!

பழைய கட்டுரைகளைப் பார்த்து 'ஃபில்லாந்தஸ் நிரூரி' என்று எழுதுவதும் இதோடு சேர்ந்த வினைதான். உண்மையான நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. நம் ஊர்ச் செடிக்கு அந்தப் பெயரை ரொம்ப நாள் தவறாக எழுதி வந்தார்கள்.

செய்ய வேண்டியது இதுதான். பூவும் காயும் இருக்கும்போது நீங்களே வேரோடு பிடுங்குங்கள். பெண் பூவில் புல்லி இதழ் ஐந்தா ஆறா என்று லென்ஸில் எண்ணுங்கள். அமாரஸுக்கு ஐந்து, அதே மாதிரி இருக்கிற இன்னொரு இனமான ஃபில்லாந்தஸ் ஃப்ராடர்னஸுக்கு ஆறு. செய்தித்தாளில் வைத்து அழுத்தி, இடமும் தேதியும் எழுதுங்கள். திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினட் ஹெர்பேரியம், அதாவது உலர் தாவரக் காப்பகம், இருக்கிறது. அரைப்பதற்கு முன்பே அங்கே காட்டுங்கள். நான் அன்று மிச்சம் பிடித்தது திருச்சிக்கு ஒரு பஸ் டிக்கெட்.

மாணவியின் சாக்கைத் தரையில் கொட்டிப் பிரித்தோம். மூன்று குவியல் வந்தது. மூன்றாவது எதுவென்று எனக்கே தெரியவில்லை, பூவே இல்லை.

சாற்றின் நிறத்தைக் கழிக்காதது

டிபிபிஹெச் அளவைப் பார்ப்பது 517 நானோமீட்டர் அலைநீள ஒளியில். செம்பருத்திப் பூவின் சிவப்பும் கிட்டத்தட்ட அங்கேதான் ஒளியை உறிஞ்சும். அடர்த்தியான பச்சைச் சாறும் கொஞ்சம் சேர்க்கும். ஊதா போன பிறகும் கருவி எண் காட்டும். நல்ல சாறு மட்டமாகத் தெரியும். ஒவ்வொரு அடர்த்திக்கும் டிபிபிஹெச் இல்லாமல் சாறும் மெத்தனாலும் மட்டும் வைத்து, அந்த எண்ணைக் கழியுங்கள்.

ஐப்பசியில் உலர்த்துவது

டெல்டாவில் கீழாநெல்லி செழித்து வருவதும் மழை கொட்டுவதும் ஒரே சமயம். திண்ணையில் குவித்தால் இரண்டு நாளில் கறுத்துப் பூஞ்சை பிடிக்கும். மெல்லியதாகப் பரப்பி மின்விசிறிக் காற்று, இல்லையென்றால் 40 டிகிரி உலர்த்தி. வெயில் வந்துவிட்டதே என்று மொட்டை மாடிக்குக் கொண்டு போகாதீர்கள். வைட்டமின் சி போய்விடும்.

ஃபோலின் எண் முழுக்க ஃபீனால் என்று நினைப்பது

ஃபோலின் என்பது ஃபீனால் சேர்மங்களை நீல நிறத்தை வைத்து அளக்கும் சோதனை. வைட்டமின் சி-யும் அதில் நீலம் காட்டும். நெல்லிக்காயில் கவனம்.

'புற்றுநோயைத் தடுக்கும்' என்று முடிப்பது

சோதனைக் குழாயில் மஞ்சளானது உடம்பில் என்ன செய்யும் என்பது தனிக் கேள்வி. பின்லாந்தில் 29,000-க்கும் மேற்பட்ட புகைபிடிக்கும் ஆண்களிடம் நடந்த ஆய்வு 1994-இல் வெளியானது. ஆன்டிஆக்சிடன்ட் என்று நம்பிக் கொடுத்த பீட்டா கரோட்டின் மாத்திரையைச் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் கூடியிருந்தது. அமெரிக்க வேளாண் துறையும் உணவுகளின் ஆன்டிஆக்சிடன்ட் மதிப்பெண் பட்டியலை 2012-இல் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது.

களைக்கொல்லி அடித்த வரப்பு

பறிக்காதீர்கள்.