முங்கோ வேகாத கதை

மணிலாவில் வெள்ளிக்கிழமை என்றால் பல வீடுகளில் கினிசாங் முங்கோதான். பச்சைப்பயறு குழம்பு, நமக்குப் பழகியதுதானே என்று பூண்டு, வெங்காயம், தக்காளி வதக்கி, ஊறவைக்காத பயறையும் தண்ணீரையும் அதிலேயே கொட்டினேன். ஒன்றரை மணி நேரம் கொதித்தும் பயறு நறுக்கென்றே இருந்தது. தக்காளியின் புளிப்பு பயறைச் சீக்கிரம் வேக விடாது.

அடுத்த வாரம் 1 கப் பயறை 5 கப் வெறும் தண்ணீரில் தனியாக வேகவைத்தேன். 40 நிமிடத்தில் தோல் வெடித்து மலர்ந்தது. கரண்டியால் லேசாக மசித்தேன். அப்புறம்தான் வதக்கிய தக்காளியும் இறாலும். உப்புக்குப் பதில் பத்திஸ் என்னும் மீன் சாஸ், அதுவும் கடைசியில். அடுப்பை அணைக்கும் முன் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை. அங்கே அதன் பெயர் மலுங்கை! முதன்முதலில் கேட்டபோது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.