பெக்ஸ் பைப்: எந்த ஜாயின்ட்டை எங்கே போடுவது?

பெக்ஸ் என்பது தண்ணீர் லைனுக்குப் போடும், வளையக்கூடிய பிளாஸ்டிக் பைப். பெக்ஸ் லைனில் தண்ணீர் ஒழுகினால் பெரும்பாலும் ஜாயின்ட்டில்தான் ஒழுகும். அதனால் பைப் வாங்கும் முன்பே ஜாயின்ட் முறையை முடிவு செய்யுங்கள். இரண்டு விஷயம் பார்த்தால் போதும்: ஜாயின்ட் சுவருக்குள் மறையுமா, அங்கே டூல் நுழையுமா.

பித்தளை ஃபிட்டிங்கைச் சொருகி, மேலே செம்பு வளையத்தை டூலால் நெரிப்பது கிரிம்ப். செலவு குறைவு, தயாரிப்பு முறையில் வேறுபடும் பெக்ஸ் ஏ, பி, சி மூன்று வகைக்கும் ஒத்துவரும். வளையத்தின் விளிம்பு பைப் முனையிலிருந்து 3 முதல் 6 மி.மீ. தள்ளி நிற்க வேண்டும். முனையோடு ஒட்டிக்கொண்டால் ஃபிட்டிங்கின் வரிகளை முழுதாகக் கவ்வாது, கசியும். நெரித்ததும் ஒவ்வொரு வளையத்தையும் கேஜில் (அளவு சரிபார்க்கும் தகடு) வைத்துப் பாருங்கள்: ‘கோ’ பள்ளத்தில் நுழைய வேண்டும், ‘நோ-கோ’வில் நுழையவே கூடாது. தவறினால் அந்த ஜாயின்ட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

மூலை முடுக்கில் கிரிம்ப் டூலின் நீளமான கைப்பிடியை விரிக்க இடமிருக்காது. அங்கே ஸ்டீல் கிளாம்ப் வளையம் வசதி. அதில் துருத்தி நிற்கும் காதை மட்டும் டூலால் கவ்வினால் போதும், ஃபிட்டிங்கும் அதேதான்.

சுவருக்குள் போகும் ஜாயின்ட் என்றால் எங்கள் ஓட்டு எக்ஸ்பான்ஷனுக்கு, அதாவது பைப் முனையை டூலால் விரித்து ஃபிட்டிங்கைச் சொருகும் முறைக்கு. டூல் விலை அதிகம், பைப்பும் பெக்ஸ்-ஏ ஆக இருக்க வேண்டும். ஆனால் பைப்பையே விரித்துச் சொருகுவதால் ஃபிட்டிங்கின் துளை பெரிது. கிரிம்ப்பைப் போல அங்கே தண்ணீர் நெருக்குப்படாது. விரிக்கும்போது டூலை ஒவ்வொரு முறையும் சற்றுத் திருப்புங்கள். ஒரே இடத்தில் விரித்தால் உள்சுவரில் கோடு விழும், அந்தக் கோட்டு வழியே தண்ணீர் கசியும். விரித்த கையோடு ஃபிட்டிங்கைக் கடைசி வரை தள்ளிப் பிடித்துக்கொள்ளுங்கள். பைப் தானாகச் சுருங்கி இறுகும். குளிரில் இதற்கு அதிக நேரம் எடுக்கும், அதற்குள் பிரஷர் கொடுக்காதீர்கள்.

புஷ்-ஃபிட்டுக்கு டூலே வேண்டாம், அவசர ரிப்பேருக்கு அருமை. உள்ளே ரப்பர் ஓ-ரிங் இருக்கிறது. வெட்டிய பைப்பின் பிசிர் அதைக் கீறிவிடும். பிசிரைச் சுத்தமாக எடுத்து, சொருக வேண்டிய ஆழத்தைப் பேனாவால் குறித்து, குறி வரை தள்ளுங்கள். கை எட்டும் இடத்தில் மட்டும் போடுவது நல்லது.

அளவிலும் கவனம் தேவை. அரை அங்குல பெக்ஸின் வெளிவிட்டம் 15.9 மி.மீ. மெட்ரிக் பைப் 16 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஃபிட்டிங்கை மாற்றிப் போட்டால் சேராது.

எந்த முறையானாலும் பைப்பை அதற்கான கட்டரால் நேராக வெட்டுங்கள். வாட்டர் ஹீட்டரை ஒட்டி முதல் 45 செ.மீ. உலோகப் பைப் போடுங்கள். வெந்நீர் லைனை விறைப்பாக இழுத்துக் கட்டாதீர்கள்: 50 டிகிரி சூடு ஏறினால் 10 மீட்டர் பைப் சுமார் 7 செ.மீ. நீளும், ஆறும்போது சுருங்கும், அந்த இழுவிசை ஜாயின்ட்டில்தான் இறங்கும். சுவரைப் பூசும் முன் தண்ணீர் நிரப்பி, பிரஷர் ஏற்றி, ஜாயின்ட் ஒவ்வொன்றையும் காய்ந்த டிஷ்யூவால் துடைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரமும் அதில் தெரிந்துவிடும்.