டிஸ்சார்ஜுக்கு முன்பே தொடங்க வேண்டிய வேலை: படுக்கையில் இருப்பவருக்கு வீட்டுப் பராமரிப்பை ஏற்பாடு செய்வது

பக்கவாதம் வந்தவர், தண்டுவடத்தில் அடிபட்டவர், பார்க்கின்சன் முற்றியவர் என யாராக இருந்தாலும், ஆஸ்பத்திரியில் "நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்று சொன்னதும் குடும்பம் ஏஜென்சிக்குப் போன் போடத் தொடங்கிவிடும். என்ன வேலைக்கு ஆள் வேண்டும் என்று எழுதிப் பார்க்காமல் கூப்பிட்டால் தவறான ஆள் வருவார், பத்து நாளில் போய்விடுவார். வீட்டு ஏற்பாடுகள் பலவும் உடைவது இரண்டு இடங்களில்தான்: இரவு நேரம், வந்த ஆள் வராமல் போகும் நாள். இந்த இரண்டுக்கும் விடை தெரிந்த பிறகு டிஸ்சார்ஜ் தேதிக்குச் சம்மதியுங்கள். இரண்டு நாள் கூடுதலாக வார்டில் இருக்கக் கேட்பதில் தவறே இல்லை.

முதலில் ஒரு தாளில் காலை 6 மணி முதல் மறுநாள் காலை 6 மணி வரை கோடு போட்டு, செய்ய வேண்டியதை எல்லாம் எழுதுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே எத்தனை நிமிடம், எத்தனை பேர், பயிற்சி தேவையா என்று குறியுங்கள். தானாகப் புரள முடியாதவரை 2 மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்ப வேண்டும்; அப்படியானால் நாளுக்கு 12 முறை, அதில் இரவு மட்டும் 4 முறை. மூக்குக் குழாய் வழியே உணவு என்றால் ஒரு தடவைக்கு 20 நிமிடம், அதன்பின் முக்கால் மணி நேரம் தலை உயர்ந்தே இருக்க வேண்டும். உடம்பு துடைக்கவும் சக்கர நாற்காலிக்கு மாற்றவும் பெரும்பாலும் இரண்டு பேர் தேவை. எழுதி முடித்தால், "பகலுக்கு மட்டும் ஒரு ஆள் போதும்" என்ற கணக்கு எங்கே இடிக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

இந்தத் தாளை யாருக்காகப் போடுகிறோமோ அவரிடம் கேட்டே போட வேண்டும். உதவிக்கு ஆணா பெண்ணா, குளியல் காலையா மாலையா, வாசல் பக்கம் படுக்கையா உள் அறையா என்பதெல்லாம் அவர் முடிவு. பேச்சு போயிருந்தாலும் பலருக்குப் புரிதல் போவதில்லை. ஆம் என்றால் கண்ணை ஒருமுறை மூடுங்கள் என்று சொல்லி, ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கலாம். அவரைக் கேட்காமல் வைத்த ஆளை அவர் கையைத் தட்டிவிட்டுத் துரத்தினால், அது பிடிவாதம் அல்ல.

அடுத்து, யாரை வைப்பது. ஏஜென்சிகள் எல்லோரையும் "சிஸ்டர்" என்றே சொல்லும். உண்மையில் மூன்று விதமானவர்கள் இருக்கிறார்கள்: நர்சிங் படித்துக் கவுன்சிலில் பதிவு செய்தவர், சில மாதப் பயிற்சி பெற்ற உதவியாளர், அனுபவத்தில் கற்றுக்கொண்ட ஆயாம்மா அல்லது அட்டெண்டர். தொண்டைக் குழாயில் சளி உறிஞ்சுவது, ஊசி, யூரின் குழாய் மாற்றுவது, ஆழமான புண்ணுக்குக் கட்டுப் போடுவது இவை பதிவு பெற்ற நர்ஸின் வேலை. பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். டயப்பர், குளியல், திருப்புதல், ஊட்டுதல் ஆகியவற்றை நல்ல ஆயாம்மா யாரையும்விட நன்றாகவே செய்வார். சளி உறிஞ்சும் தேவை இல்லாத வீட்டுக்கு, தினமும் ஒரு அட்டெண்டர், குழாய் மாற்றவும் புண் பார்க்கவும் வாரம் ஒரு முறையோ பதினைந்து நாளுக்கு ஒரு முறையோ வந்துபோகும் நர்ஸ் என்ற ஏற்பாடு செலவிலும் தரத்திலும் பொருத்தமாக இருக்கும்.

ஏஜென்சியிடம் பணம் கட்டுவதற்கு முன் இவற்றை எழுத்தில் வாங்குங்கள்:

– நாம் கொடுக்கும் தொகையில் வேலை செய்பவர் கைக்கு எவ்வளவு போகும்? மிகக் குறைவாகப் போனால் அவர் நிலைக்க மாட்டார்.
– ஆள் வராவிட்டால் எத்தனை மணி நேரத்தில் மாற்று ஆள்? மாற்று வராத நாளுக்குப் பணம் கழிக்கப்படுமா?
– அட்வான்ஸ் எப்போது, எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?
– வார விடுமுறை எந்த நாள்? அன்று யார் வருவார்?
– ஆதார் நகலும் போலீஸ் சரிபார்ப்பும் இருக்கிறதா?

பொங்கல், தீபாவளி, ஊர்த் திருவிழா, தேர்தல் நாட்களில் மாற்று ஆளும் கிடைக்காது. ஒரு மாதம் முன்பே கேட்டுவிட்டு, அந்த நாட்களுக்கு வீட்டில் யார் லீவு போடுவது என்று பேசி வையுங்கள்.

ஆட்கள் ஏன் விட்டுப் போகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். சம்பளத்துக்கு அடுத்த காரணம் தூக்கம். "24 மணி நேர ஆள்" என்றால் 24 மணி நேரமும் விழித்திருப்பவர் என்று பொருள் அல்ல. இரவில் 4 முறை எழுந்து திருப்புபவருக்குப் பகலில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்க 5, 6 மணி நேரம் கொடுக்க வேண்டும். அந்த நேரம் வீட்டார் முறை. அது முடியாதென்றால் 12 மணி நேரத்துக்கு ஒருவராக இரண்டு பேர். மூன்றாவது காரணம், 80 கிலோ எடையுள்ளவரைத் தனி ஆளாகத் தூக்கச் சொல்வது. நான்காவது, வீட்டுப் பாத்திரம், துணி எல்லாம் மெல்ல மெல்ல அவர் தலையில் ஏறுவது. என்னென்ன வேலை அவருடையது, எது இல்லை என்று முதல் நாளே சொல்லுங்கள். வீட்டார் சாப்பிடும் அதே சாப்பாட்டை அதே நேரத்தில் கொடுங்கள்.

கட்டிலை வாடகைக்கு எடுக்கும்போது தலைப்பக்கம் உயர்த்தக் கைப்பிடி உள்ளதாகவும், பார்த்துக்கொள்பவரின் இடுப்பு உயரத்தில் நிற்பதாகவும் பாருங்கள். தாழ்ந்த கட்டிலில் குனிந்து வேலை செய்தால் அவரது முதுகு சீக்கிரம் போய்விடும். சக்கர நாற்காலி வாங்கும் முன் குளியலறைக் கதவை அளந்துகொள்ளுங்கள். நம் வீடுகளில் அது இரண்டரை அடிதான் இருக்கும், நிலைப்படியும் தடுக்கும். சக்கரம் வைத்த கமோடு நாற்காலியும் சின்னச் சரிவுப் பலகையும் அந்தச் சிக்கலைத் தீர்க்கும்.

படுக்கைப்புண் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் இருப்பவரை மறுபடி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தோல் நசுங்கி ரத்த ஓட்டம் நின்றால் சில மணி நேரத்திலேயே உள்ளே சதை சாகத் தொடங்கும். மேலே தெரிவது பிறகுதான். தினமும் வாலெலும்பு, இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, குதிகால், கணுக்கால், தோள்பட்டை, பின்னந்தலை ஆகியவற்றை விளக்கு அடித்துப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுக்கும்போது வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் புண் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது, அங்கே சூடு, கடினம், நிற மாற்றம் ஆகியவற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அந்த இடத்தில் பாரம் படவே கூடாது. தேய்க்கவும் கூடாது, தேய்த்தால் உள்ளே நைந்த சதை மேலும் கிழியும். நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணை சுற்றியுள்ள ரத்த ஓட்டத்தை நெரிக்கும், வாங்காதீர்கள்.

பக்கவாட்டில் படுக்க வைக்கும்போது முழுக்க 90 பாகைக்குச் சாய்க்காமல், முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 பாகை சாய்த்தால் இடுப்பெலும்பு தப்பிக்கும். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்துக் குதிகால் காற்றில் நிற்கும்படி விடுங்கள். ஏர் பெட் உதவும், ஆனால் திருப்புவதற்கு மாற்று அல்ல. அதன் அழுத்தத்தை நோயாளியின் எடைக்கு ஏற்ப வைத்துவிட்டு, இடுப்புக்கு நேர் கீழே மெத்தைக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். எலும்பு கையில் இடித்தால் காற்று போதவில்லை.

மூக்குக் குழாய் உணவுக்குத் தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் குழாயில் மூக்கருகே போட்ட மார்க்கர் கோடு அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஊற்றுங்கள். கோடு நகர்ந்திருந்தால் ஊற்றாதீர்கள், நர்ஸ் பார்க்க வேண்டும். நுரையீரலுக்குள் போன கஞ்சி உயிரை வாங்கும். டாக்டர் சொன்ன அளவை, வழக்கமாக 200, 250 மில்லி, புவியீர்ப்பில் மெதுவாக இறங்க விடுங்கள். முடிந்ததும் 30 முதல் 50 மில்லி வெந்நீர் ஆற்றியதை விட்டுக் குழாயைக் கழுவுங்கள். குழாய் அடைப்பதற்கு வடிகட்டாத கஞ்சியும் சரியாகப் பொடிக்காத மாத்திரையுமே முக்கியக் காரணம். எந்த மாத்திரையைப் பொடிக்கக் கூடாது என்று டிஸ்சார்ஜ் அன்றே கேளுங்கள். மெதுவாகக் கரையும் வகையைப் பொடித்தால் முழு மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

யூரின் பை எப்போதும் மூத்திரப்பைக்குக் கீழேயே தொங்க வேண்டும், தரையைத் தொடக் கூடாது. திருப்பும்போது பையைக் கட்டில்மேல் தூக்கி வைத்தால் கழிவு திரும்ப உள்ளே ஏறும். பை முக்கால் நிரம்பும் முன் காலி செய்யுங்கள். முழு சிலிகான் குழாய் 12 வாரம் வரை இருக்கலாம், சாதாரண லேடெக்ஸ் குழாயை அதைவிடச் சீக்கிரமே மாற்ற வேண்டும். போட்ட தேதியை எழுதி ஒட்டுங்கள்.

மார்பின் நடுப்பகுதியிலோ அதற்கு மேலோ தண்டுவடம் அடிபட்டவர் வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டியது ஒன்று உண்டு. திடீரென்று மண்டை பிளக்கும் தலைவலி, முகம் சிவந்து வியர்ப்பது, ரத்த அழுத்தம் எகிறுவது, இவை அடைபட்ட யூரின் குழாயாலோ மலச்சிக்கலாலோ வரலாம். உடனே உட்கார வைத்துக் கால்களைத் தொங்கவிடுங்கள், இறுக்கமான துணியைத் தளர்த்துங்கள், குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அடங்காவிட்டால் 108.

மின்சாரம் போனால் ஏர் பெட் இறங்கிவிடும், ஆக்சிஜன் இயந்திரம் நின்றுவிடும். நிமிடத்துக்கு 5 லிட்டர் ஆக்சிஜன் தரும் இயந்திரம் சுமார் 350 வாட் எடுக்கும். 150 ஏஎச் இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்று அதை 3, 4 மணி நேரம் ஓட்டும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்புத் தடையோ காலை 9 மணிக்குத் தொடங்கி மதியம் தாண்டும். 1,500 லிட்டர் கொள்ளும் பி வகை ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றை ரெகுலேட்டருடன் வையுங்கள். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 12 மணி நேரம் வரும்.

அரசு உதவியில், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் பிசியோதெரபியும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிஸ்சார்ஜ் சம்மரி நகலோடு பதிவு செய்யுங்கள். அவர்கள் வந்துபோகிறவர்கள், தினசரி ஆள் அவர்களால் கிடைக்காது. யுடிஐடி அட்டைக்கு (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை) உடனே விண்ணப்பியுங்கள். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கான பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்க வேண்டும். ஆள் சம்பளத்துக்கு இது எந்த மூலைக்கும் போதாது, ஆனாலும் விடாதீர்கள். பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு, சார்ந்திருக்கும் மாற்றுத்திறனாளிக்காக 75,000 ரூபாயும், பாதிப்பு 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 ரூபாயும் கழிவு உண்டு. வங்கிக்கு வர முடியாதவர் கைரேகை வைத்துப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கி விதி அனுமதிக்கிறது. வங்கி அதிகாரி ஒருவர் உட்பட இரண்டு சாட்சிகள் வேண்டும். நினைவு தெளிவாக இருக்கும்போதே கணக்கை இணைக்கணக்காக மாற்றிவிடுங்கள். அதிகாரப் பத்திரத்தை மட்டும் நம்ப வேண்டாம். எழுதிக் கொடுத்தவர் நினைவிழந்தால் அது செல்லாமல் போகும்.

கடைசியாக, வீட்டில் பொறுப்பேற்றிருப்பவர், பெரும்பாலும் மனைவியோ மகளோ மருமகளோ. வாரத்தில் ஒரு முழு நாள் அவர் வீட்டைவிட்டு வெளியே இருக்கும்படி முறை போடுங்கள். அன்று பொறுப்பேற்கும் அண்ணனோ தம்பியோ அதற்கு முன் இரண்டு நாள் கூடவே இருந்து திருப்பவும், குழாயில் ஊட்டவும், டயப்பர் மாற்றவும் தன் கையால் பழக வேண்டும். கட்டிலுக்கு எதிரே சுவரில் ஒரு தாள் ஒட்டுங்கள்: மருந்து நேரம், உணவு அளவு, ஒவ்வாமை, குழாய் போட்ட தேதி, கடைசியாகத் திருப்பிய நேரம், டாக்டர் நம்பர். புதிதாக வரும் ஆள் அதைப் படித்துவிட்டு யாரையும் கேட்காமல் முதல் இரண்டு மணி நேரத்தை ஓட்ட முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அவர் எங்கே தயங்கினாரோ, அதையும் தாளில் சேர்த்து எழுதுங்கள்.