வீட்டு ரயில் லேஅவுட் பார்க்கக் கிளம்புகிறீர்களா? டெல்டாவில் முதல் சுற்றுக்கு ஒரு செய்முறை

அமெரிக்காவில் குறுகிய பாதை (நேரோ கேஜ்) ரயில்களின் சிறு மாதிரிகளைச் செய்பவர்கள் 1981-இலிருந்து ஊர் ஊராக மாநாடு நடத்தி வருகிறார்கள். உரை, போட்டி, கடை எல்லாம் உண்டு. ஆனால் பலரை இழுப்பது உள்ளூர்க்காரர்கள் தங்கள் வீட்டில் போட்டிருக்கும் லேஅவுட்டுகள்தான், அதாவது பலகை மேல் தண்டவாளம், ஸ்டேஷன், ஊர் எல்லாம் வைத்துக் குட்டி ரயில் ஓட்டும் அமைப்புகள். எந்த வீடு, எத்தனை மணிக்குத் திறந்திருக்கும், என்ன ஸ்கேல் (அசலில் எத்தனையில் ஒரு பங்கு) என்ற விவரங்களை வைத்துக்கொண்டு அவரவர் காரில் வீடு வீடாகப் போய் வருவார்கள்.

நம் டெல்டாவில் அவ்வளவு கூட்டம் இல்லை. மாடி அறையிலோ பழைய வீட்டு ரேழியிலோ மீட்டர் கேஜ் (இரு தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர்) குட்டி ரயில் ஓட்டும் ஆட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நாலு நண்பர்கள் சேர்ந்தால் அதே முறையில் ஒரு சுற்றுப் போகலாம். முதன்முறை வருபவர்களுக்காக இது.

முதலில் கொஞ்சம் கணக்கு

ஸ்கேல் தெரியாமல் போனால் பாதி பேச்சு புரியாது. ஹெச்.ஓ. (HO) என்றால் அசலில் 87-இல் ஒரு பங்கு. 'என்' (N) ஸ்கேல் என்றால் 160-இல் ஒரு பங்கு. மீட்டர் கேஜின் அகலம் 1000 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை மி.மீ. வருகிறது, அதனால் 12 மி.மீ. பாதை போடுகிறார்கள். 160-ஆல் வகுத்தால் ஆறே கால், அதற்கு 6.5 மி.மீ. பாதை.

கடையில் சுலபமாகக் கிடைக்கும் ஹெச்.ஓ. பாதை 16.5 மி.மீ. அது 1435 மி.மீ. பாதைக்கு உரியது. சென்னை மெட்ரோ போன்றவற்றை விட்டால் நம் ஊர் ரயில் எதற்கும் அது பொருந்தாது. ஆனாலும் பலர் அதில்தான் ஓட்டுகிறார்கள். போன இடத்தில் அளவுகோலை எடுத்து அளந்து "கேஜ் தப்பு சார்" என்று ஆரம்பிக்க வேண்டாம். அவருக்கு அது தெரியும்.

அப்புறம் நிஜத்தைப் பாருங்கள்

இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மாதிரியைப் பார்க்கும் முன் அசல் இடத்தை ஒரு நடை பார்த்துவிட வேண்டும். டெல்டாவில் மீட்டர் கேஜ் எல்லாம் அகலப் பாதையாகிவிட்டது, அல்லது மூடப்பட்டுவிட்டது. மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோயில், திருக்கடையூர், பொறையாறு வழியாகத் தரங்கம்பாடி போன பாதை 1926-இல் திறந்து 1986-இல் நின்றுபோனது. இங்கே லேஅவுட் போடுகிறவர்களுக்குப் பிடித்த பாதை அது. கிளைப் பாதை, குட்டி ஸ்டேஷன்கள், கடைசியில் கடற்கரை.

அந்தப் பக்கம் போனால் கவனிக்க வேண்டியது மேடு. வயலும் வாய்க்காலும் நிறைந்த பூமியில் தண்டவாளம் தரையில் கிடக்காது, மண் மேட்டின் மேல்தான் போகும். அதன் அடியில் சின்னச் சின்ன மதகுகள், பாலங்கள். இது மனதில் ஏறிவிட்டால் எந்த வீட்டு லேஅவுட் ஊரைப் பார்த்துச் செய்தது, எது பெட்டியில் வந்த படத்தைப் பார்த்துச் செய்தது என்று வாசலிலேயே தெரிந்துவிடும்.

நாள் குறிப்பது

ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். மழையில் பிளைவுட் ஊதும், பாதை இணைப்புகள் நகரும், ரயில் அடிக்கடி தடம் புரளும். வீட்டுக்காரருக்கே ஓட்ட மனம் வராது. பொங்கல் கழிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு மூன்று வீடு போதும். காலையில் கும்பகோணம், மதியம் மயிலாடுதுறை, சாயங்காலம் திருவாரூர் என்றால் ரயிலிலேயே போய்விடலாம். இரண்டு நாள் முன்பே போன் செய்து எத்தனை பேர், குழந்தைகள் உண்டா, மாடிப்படி ஏற முடியாதவர் யாராவது வருகிறார்களா என்று சொல்லிவிடுங்கள். மின்தடை அறிவிப்பு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கையில் ஒரு சீப்பு பழம்.

உள்ளே போனதும்

தோள் பையை வாசலிலேயே வையுங்கள். திரும்பும்போது ஒரு தென்னந்தோப்பையே சாய்த்துவிடும். கை பின்னால். வண்டி தடம் புரண்டாலும் தூக்கி வைக்கப் போகாதீர்கள், அது அவர் வேலை. "இந்தப் பொம்மை என்ன விலை?" என்பது முதல் கேள்வியாக வேண்டவே வேண்டாம்.

எதைப் பார்ப்பது

எல்லார் கண்ணும் எஞ்சின் மேல் போகும். ஒய்.பி. நீராவி எஞ்சினோ ஒய்.டி.எம்.4 டீசலோ ஓடும்போது போகத்தான் செய்யும். ஒரு சுற்று ஆசை தீரப் பாருங்கள். அப்புறம் ரயிலை விட்டுவிட்டு, அது எங்கே மறைகிறது என்று பாருங்கள்.

டெல்டா லேஅவுட்டில் எனக்குப் பிடித்த சமாசாரமே இதுதான். அமெரிக்காவின் கொலராடோ மலைப் பாதையைச் செய்கிறவருக்குக் கவலை இல்லை. ஒரு குகையைக் குடைந்து ரயிலை உள்ளே விட்டுவிடலாம். இங்கே மலை ஏது? தட்டை நிலத்தில் பலகை முடிகிற இடத்தை எப்படி மறைப்பது? ஒருவர் மூங்கில் புதரை வைப்பார். ஒருவர் நெல் அரவை ஆலையின் நீண்ட சுவரை வைப்பார், வண்டி அதன் பின்னால் போய்விடும். சாலை மேம்பாலம் வைத்தவர்களும் உண்டு; என் கண்ணுக்கு அது அந்தக் காலத்துக் கிளைப் பாதையோடு ஒட்டவில்லை. தோப்புதான் அழகு.

அடுத்தது வயல். எல்லா வயலும் ஒரே பச்சையாக இருந்தால் அது ரோலாக வாங்கி ஒட்டிய புல் பாய். நன்றாகச் செய்தவர் ஒரு மாதத்தைத் தேர்ந்தெடுத்திருப்பார். "இது எந்த மாசத்து வயல் சார்?" என்று கேட்டுப் பாருங்கள், அவர் முகம் மலரும். ஒரு வீட்டில் தை மாதத்து அறுவடை வயல் பார்த்தேன். தேங்காய் நாரை இரண்டு மி.மீ. அளவுக்கு வெட்டி, வரிசை வரிசையாகக் குத்தி, அறுத்த நெல் தாள் செய்திருந்தார். வரப்பு ஓரம் மட்டும் கொஞ்சம் பச்சை. கிட்டே குனிந்தால் தாளுக்கு நடுவே ஈர மண்ணின் பளபளப்புக்கூட இருந்தது, வார்னிஷ் தடவியிருக்கிறார்.

மண்ணை எங்கே எடுத்தார் என்றும் கேளுங்கள். ஆற்று மணலைச் சலித்துப் போடுகிறவர்கள் முதலில் அதில் காந்தத்தை ஓட்டுவார்கள். கருமணல் துகள் ஒட்டிக்கொண்டு வரும். அதை எடுக்காமல் விட்டால் எஞ்சின் மோட்டாரில் இருக்கும் காந்தம் இழுத்துக்கொள்ளும், மோட்டார் கெட்டுப்போகும்.

கடைசியாக, அனுமதி கேட்டுப் பலகைக்கு அடியில் குனிந்து பாருங்கள். தண்டவாளத்துக்கு எத்தனை இடத்தில் மின்கம்பி போகிறது, கம்பிக்கு நிறம் பிரித்திருக்கிறாரா, சட்டம் எப்படித் தாங்குகிறது என்று அங்கேதான் தெரியும். மேலே பார்த்ததை நாலு போட்டோவில் பிடித்துவிடலாம். அடியில் பார்த்ததை நோட்டில் படமாக வரைந்துகொள்ளுங்கள்.

வீடு திரும்பிய பிறகு

அன்று இரவே உங்கள் அறையை அளந்துவிடுங்கள். ஹெச்.ஓ.-வில் வழக்கமான சிறிய வளைவின் ஆரம் 18 அங்குலம். ஒரு முழு வட்டம் சுற்றவே நாலடி அகலப் பலகை வேண்டும். 'என்' (N) ஸ்கேல் ஏறக்குறைய பாதி இடத்தில் அடங்கும். சுவரோரம் ஒரு அடி அகலம்தான் கிடைக்கிறது என்றால் வட்டத்தை மறந்துவிட்டு, ஒரு கடைசி ஸ்டேஷனை மட்டும் செய்யுங்கள். தரங்கம்பாடி அதற்கு அளவெடுத்தது போல இருக்கும்.

எடுத்த படங்களை முதலில் வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். அவர் சரி என்ற பிறகே வெளியே போடலாம். அப்போதும் தெருப் பெயர், வாசல் தெரியும் படம் வேண்டாம். உள்ளே இருக்கும் எஞ்சின்கள் ஒவ்வொன்றும் பல ஆயிரம் ரூபாய்.